சாமான் வெளியே நிற்கட்டும்

வாசோ மாதப் பௌர்ணமியில் புத்தர்களின் மழைக்கால விரதம் தொடங்கிவிட்டால் பர்மியர்கள் மூன்று மாதம் வீடு மாற்ற மாட்டார்கள். ஆடி பிறந்துவிட்டால் நாங்கள் மாற்ற மாட்டோம். இரண்டும் அடுத்தடுத்து வருகிற வருடத்தில், அதற்கு முந்தின கடைசி நல்ல நாளன்று யாங்கூனில் பாதிப்பேர் மூட்டை முடிச்சோடு தெருவில்தான் நிற்பார்கள். போன வருடம் கொட்டுகிற மழையில் நாங்களும் நின்றோம்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதத்தில் வலது கால் விழுந்துவிட்டது. நாங்கள் இருந்ததோ நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவர் தெருவைக் கண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அலையாய் அலைந்து பக்கத்துத் தெருவில் ஒரு கீழ்வீடு பிடித்தேன். அதில் இருக்கிற பர்மிய அம்மாள் அன்று விடியும்போதே இன்சீனுக்குப் போய்விடுவார், நீங்கள் நல்ல நேரத்தில் பால் காய்ச்சலாம், கட்டாயம், கட்டாயம் என்றார் தரகர். ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்கிறவரை நான் நம்புவதில்லை. ஆனால் வேறு வீடு இல்லை.

என் வீட்டுக்காரரை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு கூலியாட்கள் இறக்கினார்கள். ஷ்வேப்யிதா பேட்டையிலிருந்து எங்கள் வீட்டுக்குக் குடிவருகிற குடும்பம் அதே படியில் பானை சட்டியோடு எதிரே ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் கண் என் பையிலேயே இருந்தது, நான் பல்பைக் கழற்றிக்கொண்டு போகிறேனோ என்று. கழற்றித்தான் இருந்தேன், அது வேறு விஷயம். இனி மேலே திரும்பிப் போக வழியில்லை.

கீழ்வீட்டில் திரைச்சீலைகூட இறக்கவில்லை. அடுப்பில் சோறு கொதிக்கிறது. மூலையில், வீட்டைக் காக்கிற நாத் தெய்வத்துக்காகச் சிவப்புத் துணி சுற்றின தேங்காய் தொங்குகிறது. தெய்வத்தை அவிழ்க்காதவள் எங்கே கிளம்பப் போகிறாள்? லாரியையும் காணோம். தரகருக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறார். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, தரகரை நம்பிப் புருஷனை நடுத்தெருவில் குடைக்குக் கீழே வைத்துவிட்டேனே!

அந்த அம்மாள் வாசலுக்கு வந்தார். சாவி லுங்கி இடுப்பில் செருகியிருந்தது.

"இன்சீன் வீட்டுல இன்னும் காலி பண்ணல. தரகன் எனக்குச் சாயங்காலம்னுதான் சொன்னான்" என்றார் பர்மியில்.

"எனக்குக் காலையிலன்னு சொன்னானே, அக்கா!"

அவர் என்னை நம்பவில்லை. நானும் அவரை நம்பவில்லை. நாற்காலியை மட்டும் சற்று நேரம் பார்த்தார்.

"உன் புருஷன் உள்ள வரட்டும். சாமான் வெளியே நிக்கட்டும்."

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிவிடுமோ என்ற பயம் அவருக்கு. என் ஒரு சொம்புகூட வாசல் தாண்டவில்லை. மனுஷன் உள்ளே பிணையாக, நான் வெளியே பிளாஸ்டிக் விரிப்பைப் பிடித்தபடி கட்டிலுக்கும் பீரோவுக்கும் காவல்.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கெஞ்சிக் கூத்தாடிப் பாலையும் பாத்திரத்தையும் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். "கிழக்குப் பக்கம் பொங்கணும், அதானே?" என்று கேட்டு அவரே காய்ச்சினார். இவ்வளவு தெரிந்தவள் இன்னும் என்னென்ன தெரிந்து வைத்திருப்பாளோ என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். உள்ளே என் வீட்டுக்காரர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

பிற்பகலில் இன்சீனிலிருந்து போன் வந்தது. லாரியும் வந்தது. அந்த அம்மாள் கடைசியாகத் தேங்காயை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். சாவியை என் கையில் தரவில்லை, என் வீட்டுக்காரர் கையில் தந்துவிட்டுப் போனார்.

நான் உள்ளே ஓடிக் குழாய், சுவிட்ச் எல்லாம் திருகிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. பல்புகூட இருந்தது. கட்டிலை உள்ளறையில் போடச் சொன்னேன்.

"அங்க வேணாம். இந்த ஜன்னலோரம் போடச் சொல்லு" என்றார் இவர்.

அங்கே தரையில் ஏற்கெனவே ஒரு கட்டில் நின்ற அடையாளமாக நாலு துருக்கறை இருந்தது.

"அந்தம்மா வீட்டுக்காரருக்கும் கால் விழுந்துபோச்சாம். மாடியிலேருந்து இங்கதான் தூக்கிட்டு வந்தாங்களாம். தெருவைப் பாத்துக்கிட்டே கடைசிவரைக்கும் இங்கதான் கிடந்தாராம். நல்ல காத்து வருமாம்."

தரகர் இதைத்தான் மறைத்திருக்கிறார். எத்தனை வருஷம் கிடந்தார் என்று கேட்க வாய்வரை வந்தது. இவர் முகம் தெருப்பக்கம் திரும்பியிருந்தது, எதிர்த்த டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலோரமே போடச் சொன்னேன். கட்டில் கால்களை மட்டும், அந்தக் கறையிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னேன்.