என் பைக்குள் இருந்த படப் பக்கற்றுகள்

அந்த ஒக்ரோபரில் சீருடை போட்ட யாரைக் கண்டாலும் எனக்குப் பயம். பஸ்ஸில் ரிக்கற் பார்க்க வருகிறவரைக் கண்டால்கூட அப்படித்தான். இத்தாலியில் தங்கியிருப்பதற்கான என் பெர்மெஸ்ஸோ முடிந்துபோயிருந்தது. புதுப்பிக்கச் சொல்லித் தபாற்கந்தோரில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு, கைரேகை எடுக்கப் பொலிஸ் தலைமையகத்தில், அதாவது குவெஸ்தூராவில், எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கையில் இருந்தது விண்ணப்பம் கொடுத்ததற்கான துண்டு மட்டும். அதை ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு முதுகுப்பையின் உள்ளறையில் வைத்திருந்தேன். நடக்க நடக்கக் கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்ப்பேன்.

அப்போது பழைய நகரப் பகுதியான கால்சாவில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பதைத் தாண்டியவர். துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் சமையலறைக்குள் வந்தால் கதிரையை விட்டு எழும்பப் பார்ப்பார். அவ்வளவு மரியாதையான மனிதர். மறதி நோய் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காலையில் என்னை நன்றாகத் தெரியும். பின்னேரம் ஆக ஆக ஆள் மாறிவிடுவார்.

என்னை வேலைக்கு வைத்தவ அவருடைய மகள். வியாழக்கிழமைகளில் எங்கள் இருவரையும் நகரத்துக்கு வெளியே உள்ள பெரிய கடைத்தொகுதியில் இறக்கிவிட்டுத் தன் அலுவலைப் பார்க்கப் போவா. பத்திரிகைகள் அடுக்கியிருக்கும் பக்கத்தில்தான் அவர் அந்தப் பக்கற்றுகளை முதலில் கண்டார். கால்பந்து வீரர்களின் படங்கள். புதிதாக அச்சடித்தவைதான், ஆனால் பழைய காலத்து மாதிரியில் செய்திருந்தார்கள். வெளியுறை மங்கிய நிறத்தில் கடதாசி. உள்ளே தடித்த மட்டையில், கம்பளிச் சட்டை போட்டு, தலையை எண்ணெய் வைத்து வாரிய ஆட்கள். அவர் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். நான் வாங்கிக் கொடுத்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு வியாழனும் ஐந்து பக்கற்றுகள். வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு உடைப்போம். உறையின் ஓரத்தை மட்டும் கிழிக்க வேண்டும். நடுவில் கிழித்தால் அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு படமாக வைத்து "ச்செலோ, ச்செலோ, மாங்கா" என்பார். இருக்கு, இருக்கு, இல்லை என்று அர்த்தம். இங்குள்ள பிள்ளைகள் படம் மாற்றும்போது சொல்வது அது. முதல் நாள் எனக்கு அது மாங்காய் என்று கேட்டு, சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். எங்கள் மொழியில் அது ஒரு காய், உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தின்போம் என்றேன். பிறகு அவரும் அதைச் சொல்லும்போதெல்லாம் வாயைச் சப்புக்கொட்டுவார்.

ஆனால் செப்டெம்பர் கடைசியில் ஒரு நாள் அவர் ஒரு கோல்காப்பாளரின் படத்தைத் தேடினார். எல்லாப் பக்கற்றையும் உடைத்தும் கிடைக்கவில்லை. சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு பலம் அவருக்கு இருந்தது எனக்குத் தெரியாது.

"நீதான் எடுத்தனீ" என்றார்.

"நான் எடுக்கேல்லை, சிஞ்ஞோரே."

"எடுத்தனீ. உன்ரை கண்ணிலை தெரியுது."

கொஞ்ச நேரத்தில் கையை விட்டுவிட்டார், மறந்தும்விட்டார். எனக்கு மறக்கவில்லை. மகளிடம் சொன்னால் வேலை போய்விடுமோ என்று அதையும் சொல்லவில்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோவும் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை கடையில் நல்ல சனம். முதலில் வழமைபோலப் படங்கள் இருக்கும் இடத்துக்குப் போனோம். அவர் ஐந்தைத் தெரிந்து வண்டிலுக்குள் போட்டார். முதுகுப்பையையும் நான் வண்டிலுக்குள்தான் வைத்திருந்தேன். பிறகு பெரியவர்களுக்கான பம்பர்ஸ் எடுக்கப் போனோம். இரண்டு வகை இருந்தது. எது அவருக்கு இடுப்பில் அரிக்காது என்று எழுதியிருந்ததை வாசித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் அவர் கையில் உடைத்த பக்கற் ஒன்று.

"காசு குடுக்க முன்னம் உடைக்கக்கூடாது" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். உடைத்த உறையையும் காசாளரிடம் காட்டி, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டினேன். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு, தன் தாத்தாவும் இப்படித்தான் என்றாள்.

வாசலில் காவலாளி கையை நீட்டினான். "சிஞ்ஞோரா, ஒரு நிமிசம். அந்தப் பை."

பையை அவனே திறந்தான். உள்ளே, என் குடைக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் நடுவில், படப் பக்கற்றுகள். சில உடைத்தவை, பல உடைக்காதவை. அவன் அவற்றை அள்ளி அள்ளி வெளியே வைத்தான். வந்துகொண்டேயிருந்தன. என் காது அடைத்துவிட்டது. அவன் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

எங்களைப் பின்பக்கம் ஒரு சின்ன அறைக்குக் கொண்டுபோனார்கள். மேசையில் பக்கற்றுகளைப் பரப்பினார்கள். கடைப் பொறுப்பாளராக ஒரு பெண் வந்தா. என் பத்திரங்களைக் கேட்டா. நான் அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

"இது வெறும் ரசீது" என்றா.

"ஓம். பெர்மெஸ்ஸோ வரப்போகுது. இந்தப் படங்களை நான் எடுக்கேல்லை. இவர்தான் வைச்சிருக்க வேணும். இவருக்கு வருத்தம். நான் இவரைப் பாக்கிறனான்."

அவ அவரிடம் திரும்பினா. "இவ உங்களைப் பாக்கிறவவோ?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு இந்தப் பொம்பிளையைத் தெரியாது" என்றார். பிறகு மேசையைக் காட்டி, "இதெல்லாம் என்ரை. இவ களவெடுத்துப்போட்டா" என்றார்.

காவலாளி கதவோடு சாய்ந்து நின்றான்.

மகளுக்குப் போன் எடுத்தேன், நிறுத்தி வைத்திருந்தா. என் கணவர் பகேரியா என்ற பக்கத்து ஊரில் ஒரு பழைய மாளிகையில் தோட்ட வேலை செய்கிறவர். அவருக்கு எடுத்தேன். சொல்லத் தொடங்கியதும் அழுகை வந்துவிட்டது.

"அழாதை. சொல்லு, இப்ப எங்கை நிக்கிறாய்?"

"கடையிலை. அறைக்குள்ளை. கரபினியேரிப் பொலிசைக் கூப்பிடப் போயினமாம்."

"ஒண்டிலும் கையெழுத்து வையாதை. விளங்குதோ? என்ன தாளைத் தந்தாலும் வையாதை. நான் ட்ரெயின் பிடிச்சு வாறன்."

அவர் வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். பொறுப்பாளர் ஏற்கெனவே நான் களவெடுத்ததாக எழுதிய ஒரு தாளையும் பேனையையும் என் பக்கம் தள்ளியிருந்தா. கையெழுத்து வைத்துவிட்டுப் பொருட்களைத் திருப்பிக் கொடுத்தால் விஷயம் இங்கேயே முடியும், இல்லாவிட்டால் பொலிஸ் என்றா. முடிந்துவிடும் என்ற அந்தச் சொல் என்னை இழுத்தது. பேனையைக் கையில் எடுத்தும்விட்டேன். அதைவிடப் பயங்கரம் ஒன்று மனதில் ஓடியது. ஒருவேளை நான்தான் வைத்தேனோ? பயத்தில் திரிகிற ஆள், வைத்துவிட்டு மறந்துவிட்டேனோ? கிழவரின் வருத்தம் எனக்கும் ஒட்டிவிட்டதோ? ஒரு நிமிடம் உண்மையாகவே அப்படி யோசித்தேன்.

அப்போது அவருடைய கதிரைக்குக் கீழே தண்ணீர் சொட்டியது. காற்சட்டை நனைந்திருந்தது. கண்களில் முழுப் பயம். பேனையை வைத்துவிட்டு எழும்பினேன். வாங்கிய பம்பர்ஸ் பொதியைக் கிழித்து ஒன்றை எடுத்தேன்.

"எங்கை போறீர்?" என்று காவலாளி குறுக்கே வந்தான்.

"கழுவ. அல்லாட்டி நீங்க கழுவுங்கோ."

அவன் விலகினான். கழிவறை வாசல்வரை பின்னால் வந்து வெளியே நின்றான்.

உள்ளே நான் அவரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் என் தோளைப் பிடித்தபடி மெல்லக் கேட்டார்: "எங்களை அடிப்பினமோ?"

"இல்லை. ஒருத்தரும் அடிக்க மாட்டினம்."

"நான்தான் உன்ரை பைக்குள்ளை வைச்சனான். அண்ணா கண்டா பறிச்சுப்போடுவான். அம்மாட்டைச் சொல்லிப்போடாதை."

அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். "இதை அவைக்கும் சொல்லுவீங்களோ?"

"சொல்லுவன்."

அறைக்குத் திரும்பினோம். பொறுப்பாளரின் முன்னால் அவரை நிறுத்தி, சொல்லுங்கள் என்றேன். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டி, "புவொன்ஜோர்னோ" என்று காலை வணக்கம் சொன்னார். அவ்வளவுதான். எல்லாம் போய்விட்டது.

ஆனால் வைத்தது நானில்லை என்று எனக்கு இப்போது தெரியும். மேலே மூலையில் இருந்த கறுப்பு உருண்டையைக் காட்டி, "கமராவைப் பாருங்கோ" என்றேன். "பம்பர்ஸ் வைச்சிருக்கிற இடத்தைப் பாருங்கோ."

அந்த நேரத்துப் பதிவை ஓட்டினார்கள். திரையில் என் முதுகு தெரிந்தது. இரண்டு பொதிகளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். மூன்றடி தள்ளி அவர். இடமும் வலமும் பார்த்தார். மேற்சட்டைப் பைகளிலிருந்து ஒவ்வொரு பக்கற்றாக எடுத்து, சிலவற்றை ஓரத்தில் கிழித்துப் பார்த்து, என் பைக்குள் வைத்தார். அவசரமே இல்லை. பிறகு சிப்பைப் பூட்டி, பையை இரண்டு தரம் தட்டிக் கொடுத்தார். கடைசியாக ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

பொறுப்பாளர் அந்தத் தாளை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டா. காவலாளி எங்கோ போய்த் தண்ணீர் கொண்டுவந்து முதலில் அவருக்கும் பிறகு எனக்கும் தந்தான். மன்னிப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்போது நானும் எதிர்பார்க்கவில்லை. வெளியே விட்டால் போதும் என்றிருந்தது.

மகள் வந்து உடைத்த பக்கற்றுகளுக்கும் கட்டினா. எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனா. கால்சாவில் இறங்கும்போது, "நீங்கள் கொஞ்சம் கவனமாப் பாத்திருக்கலாம்" என்றா. அப்போதுதான் எனக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. இனிமேல் அவரைக் கடைக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்றேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த வீட்டில் மாட்டேன் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவ என்னைப் பார்த்தா, சரி என்றா. அந்தக் கிழமையிலிருந்து சாமான்களை அவவே வாங்கி வந்தா.

நான் போனில் சொன்னபடியால் என் கணவர் பாதி வழியில் திரும்பி வீட்டுக்கு வந்திருந்தார். சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு கேட்டார்:

"கமரா இருக்கெண்டு தெரியும்தானே. ஏன் முதலே கேக்கேல்லை?"

"பயமாயிருந்தது."

"செய்யாததுக்கு என்ன பயம்?"

கமராவிலும் நான்தான் வைத்ததாகத் தெரிந்துவிடுமோ என்று பயந்ததை எப்படிச் சொல்வது? சாப்பிடுங்கோ, ஆறுது என்றேன்.

தை மாதம் குவெஸ்தூராவில் கைரேகை எடுத்தார்கள். பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்தச் சொன்னார்கள். என் விரல்கள் வியர்த்து, இரண்டு தரம் துடைத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டியிருந்தது. அங்கிருந்த அலுவலர் ஒரு கடதாசித் துவாயை நீட்டி, "பயப்படாதேயுங்கோ, சிஞ்ஞோரா" என்றார்.

பெர்மெஸ்ஸோ வந்தது. அந்தக் கிழவரிடம் இன்னும் ஒன்றரை வருடம் வேலை செய்தேன்.