நசுங்காத எலுமிச்சம்பழம்

…அதான் பாரு, அந்தக் கோடி வீட்டுக்காரி புதுசா ஸ்கூட்டர் வாங்கியிருக்காளே, கியரும் இல்ல ஒண்ணும் இல்ல, கைப்பிடிய முறுக்கினா தானா ஓடுதுன்னு பீத்திக்கிறாளே, நாளைக்கு ஆயுதபூஜைன்னு இப்பவே எண்ணெய்க் கிண்ணமும் துணியுமா அதுக்கு முன்னாடி உக்காந்திருக்கா. நான் தெருவுல நின்னே கத்திட்டேன், "ஏ பொண்ணே, மேலுக்கு எவ்ளோ வேணா தேய், உள்ள மட்டும் ஒரு சொட்டு விட்டுடாதே"ன்னு. என்னை ஒரு பார்வை பாத்தா பாரு! கைநாட்டு ஆயாவுக்கு வண்டியைப் பத்தி என்னா தெரியும்னு நினைச்சிருப்பா. நீ உக்காரும்மா, காப்பி ஆறுது. கியர் இல்லாத வண்டியைக் குளிப்பாட்டி சாம்பிராணி போட்ட குடும்பம் எங்க குடும்பம். சிரிக்காதே, நெசமாத்தான்.

அப்ப நாங்க உப்பளம்ங்கற பேட்டையில குடியிருந்தோம். எமர்ஜென்சி முடிஞ்ச மறு வருஷமோ என்னமோ. எங்க அண்ணன் ஒருத்தர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷனோட ஊருக்கு வந்தவரு. வரும்போது கப்பல்ல ஒரு மொபெட்டு கொண்டாந்தாரு. சைக்கிளுக்கு இஞ்சின் மாட்டின மாதிரி இருக்கும். மிதிச்சி கிளப்பணும், கிளம்பிட்டா அவ்ளோதான், வேகத்துக்குத் தக்கன அதுவா மாத்திக்கும். கையால எதையும் இழுக்க வேணாம், தள்ள வேணாம். அண்ணனுக்கு முட்டி வலி வந்து உக்காந்ததும், "மாப்ள, நீ ஓட்டு, சும்மா கெடந்தா துரு புடிக்கும்"னு எங்க வீட்டுக்காரருகிட்ட குடுத்துட்டாரு.

எங்க வீட்டுக்காரர் யாரு, இதோ உள்ள குறட்டை விடுதே அந்த மனுஷன்தான். மில்லுல எண்ணெய் போடுற வேலை. நீளமா மூக்கு வெச்ச எண்ணெய்க் கேனைக் கையில புடிச்சிகிட்டு தறிதறியா போயி ஊத்திகிட்டே இருக்கணும். அதையே செஞ்சி செஞ்சி, வீட்டுல எது கிறீச்சுன்னு சத்தம் போட்டாலும் எண்ணெய்தான். கதவுக்கு எண்ணெய், கிணத்து உருளைக்கு எண்ணெய். ஒரு தடவை எங்க அத்தை, அதான் மாமியாரு, முட்டி கடகடங்குதுன்னு சொன்னதுக்கு, இந்த மனுஷன் கேனைத் தூக்கிகிட்டு வந்து நின்னாரு!

அப்புறம் மில்லு கதவை சாத்திட்டாங்க. இவரு வீட்டுல உக்காந்தாரு. வேலை இல்லாத ஆம்பளை வீட்டுல இருந்தா எப்படின்னு உனக்குச் சொல்லணுமா? குழம்புல உப்பு சரியான்னு ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி பாக்கறது. நல்ல வேளையா ரொட்டிக்கடை முதலாளி ஒருத்தர் கூப்பிட்டு விட்டாரு. "லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸுல நீட்டு ரொட்டி கேக்கறாங்கப்பா. சைக்கிள்காரன் கூடையோட மேடு ஏறிப் போறதுக்குள்ள ரொட்டி வெறைச்சிப் போவுது. உன்கிட்ட மொபெட்டு இருக்கு, அதுக்காகத்தான் உன்னைக் கூப்பிடறேன். விஜயதசமி விடியக்காலம் வந்துடு. நல்ல நாள்ல ஆரம்பிப்போம். அன்னிக்கு வண்டி வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன், கோவிச்சிக்காதே"ன்னு சொல்லிட்டாரு. இவருக்குத் தல கால் புரியல. புது சட்டை தெச்சிக்கலாமான்னு கேட்டாரு. ரொட்டி கொண்டு போறதுக்கு மாப்பிள்ளை சட்டையா!

சரி, அதுக்கு முந்தின நாள் ஆயுதபூஜை. மில்லுல அன்னிக்கு என்னா பண்ணுவாங்க தெரியுமா, ஒவ்வொரு மிஷினையும் தொடச்சி, உள்ள வெளிய எல்லாம் எண்ணெய் குடுத்து, அப்புறம்தான் சந்தனம் குங்குமம். இவருக்கு மில்லு இல்லாத மொத ஆயுதபூஜை. கை சும்மா இருக்குமா? மொபெட்டோட பக்கத்து மூடியைக் கழட்டி, கண்ணுல பட்ட இடத்துல எல்லாம் விளக்கெண்ணெய். வேற எண்ணெய் கூட இல்ல. ஏன்னு கேட்டா, "இஞ்சின் சூடாவுது புள்ள, விளக்கெண்ணெய் குளிர்ச்சி"ங்கறாரு.

மூடியை மாட்டி, மாலை போட்டு, பொட்டு வெச்சி, படையல் போட்டாச்சு. ஸ்பானர், திருப்புளி, குறடு, என் அரிவாள்மனை வரைக்கும் சாமி முன்னாடி. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சேன். இவரு ஏறி, மிதிச்சி, கிளப்பி, முறுக்கினாரு.

இஞ்சின் கத்துது, அப்படி ஒரு கத்து. புகை தெரு முழுக்க. வண்டி நின்ன இடத்தை விட்டு அசையல! எலுமிச்சம்பழம் அப்படியே குண்டா உக்காந்திருக்கு. இன்னும் முறுக்கினாரு. பழம் நசுங்குவேனாங்குது.

"கண்ணு பட்டுடுச்சி"ன்னாங்க அத்தை. "அந்தப் புது சட்டைதான்."

"சட்டை இன்னும் தெக்கவே இல்லியேம்மா!"

"தெக்கப் போறேன்னு ஊரெல்லாம் சொன்னியே, அது போதாது?"

இவரு யோசிச்சாரு. யோசிச்சி என்னா பண்ணாரு? எண்ணெய் பத்தலைன்னு மூடி இடுக்குல கேன் மூக்கை விட்டு இன்னும் ஊத்தினாரு! அப்புறம் வண்டி ஒரு நூலு கூட நகரல. இஞ்சின் மட்டும் கும்மாளம் போடுது. அப்பதான் இவரு மொகம் விழுந்துச்சு. மெதுவா என்கிட்ட வந்து, "நாளைக்கு என்னா புள்ள பண்றது"ன்னாரு. அந்தக் குரல் எனக்குத் தாங்கல. உடனே பக்கத்துத் தெருவுக்கு ஓடி அண்ணனைக் கூட்டியாந்தேன்.

அண்ணன் தாங்கித் தாங்கி நடந்து வந்தாரு. வந்ததும், "ஸ்பானர் எங்க?"ன்னாரு. அத்தை குறுக்க வந்து நின்னாங்க. "பூஜையில வெச்சது. நாளைக்குப் பூஜை எடுக்கற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. இன்னிக்கு ஆயுதத்துக்கு லீவு."

"அத்தை, வண்டி ஓடலன்னா நாளையிலேருந்து உங்க புள்ளைக்கும் லீவுதான்."

"அதுக்கு? சரஸ்வதி மடியிலேருந்தா புடுங்குவே?"

நல்ல வேளை, அண்ணன் வீட்டுல பூஜை சாயந்திரம்தான், அவரு சாமான் இன்னும் சாமி முன்னாடி ஏறல. பையைக் கொண்டாந்தாரு. பின்னாடியே அண்ணி வந்து, "விளக்கு வெக்கறதுக்குள்ள அத்தினியும் தொடச்சி என் கைக்கு வரணும், ஒண்ணு குறைஞ்சாலும் வீட்டுல சோறு கிடையாது"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

அண்ணன் மூடியைக் கழட்டினாரு. உள்ள ஒரு ரப்பர் பெல்ட்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட மினுமினுங்குது. "மோன் தியே!"ன்னாரு, கடவுளேங்கறதை பிரெஞ்சுல. "என்னா மாப்ள இது, கல்யாணப் பொண்ணு சடையா? உள்ள காய்ஞ்சி இருந்தாத்தான் இது புடிக்கும்!"

அப்புறம்தான் எனக்கு வெளங்கற மாதிரி சொன்னாரு. இஞ்சின் பக்கத்துல ஒரு கிண்ணம், அதுக்குள்ள ரெண்டு கட்டை. சின்னப் பொண்ணுங்க தட்டாமாலை சுத்தும்போது பாவாடை விரியுதில்ல, அந்த மாதிரி இஞ்சின் வேகமா சுத்தினா கட்டைங்க விரிஞ்சி கிண்ணத்தைப் புடிக்கும். கிண்ணம் பெல்ட்டை இழுக்கும், பெல்ட்டு சக்கரத்தை ஓட்டும். அவ்ளோதான் கியர் இல்லாத வண்டியோட ரகசியம். எண்ணெய் பட்டா கட்டையும் வழுக்கும், பெல்ட்டும் வழுக்கும்.

"உனக்கு இது தெரியுமில்ல, எனக்கு ஏன் சொல்லல மச்சான்?"ன்னு இவரு பாஞ்சாரு.

"விளக்கெண்ணெய் ஊத்தாதேன்னு எவன்யா முன்கூட்டி சொல்லுவான்? பிரெஞ்சுக்காரன் ஊர்ல யாராச்சும் வண்டிக்கு பேதி மருந்து குடுப்பாங்களா?"

ஸ்டவ்வுல இருந்த மண்ணெண்ணெயை ஊத்திக் கழுவினாங்க. மாட்டி முறுக்கினா, வண்டி ஒரு அடி நகர்ந்து, மூச்சு வாங்கின கிழவி மாதிரி நின்னுடுச்சு. மண்ணெண்ணெயும் எண்ணெய்தானே! பெட்ரோல்ல கழுவலாம்னாரு அண்ணன். டாங்கில இருக்கறதே நாளைக்கு மேடு ஏறத்தான் காணும், அதையும் ஊத்திட்டா? ரெண்டு ஆம்பளையும் கன்னத்துல கைய வெச்சிகிட்டு உக்காந்துட்டாங்க.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். "எண்ணெய் தேச்சி விட்டாச்சில்ல, அப்படியே குந்த வெச்சா? குளிப்பாட்டி விடுங்க!"ன்னு கத்தினேன். கத்தினதுக்குத்தான் கத்தினேன், வேற ஒண்ணும் நினைக்கல. அண்ணன் தலையைத் தூக்கி, "சீயக்காய் இருக்கா?"ன்னாரு.

கொல்லையில வென்னீர் வெச்சேன். சீயக்காயும் அடுப்புச் சாம்பலும் கலந்து, பெல்ட்டை மடியில போட்டுகிட்டு தேய் தேய்னு தேய்ச்சேன். நுரை கருப்பா வருது. அலசறேன், மறுபடி தேய்க்கறேன். அண்ணன் உப்புத்தாளை வெச்சி கட்டைங்களைச் சொரண்டறாரு. இவரு கிண்ணத்தைத் தொடைக்கறாரு. அத்தை நின்னு பாத்துகிட்டே இருந்தாங்க. பூஜை போட்ட வண்டியில வேலை செய்யறோமேன்னு திட்டப் போறாங்கன்னு நான் பயந்துகிட்டே இருக்கேன். அவங்க என்னா சொன்னாங்க தெரியுமா? "குளிப்பாட்டறது வேலைக் கணக்குல வராது. சாமியையே குளிப்பாட்டறோம்."

அடுத்தது காய வெக்கணும். ஐப்பசி மழை வர்ற மாதிரி மூட்டம், வெயிலே இல்ல. அத்தை உள்ள போயி சாம்பிராணிக் கூடையை எடுத்தாந்தாங்க. தலை குளிச்சா முடியைப் பரப்பிப் போட்டு புகை காட்டுவோமே, அதே கூடை. தணல்ல சாம்பிராணியைத் தூவி, கூடையைக் கவுத்து, மேல பெல்ட்டைப் பரப்பி, அத்தை பக்கத்துல உக்காந்து திருப்பித் திருப்பி விடறாங்க. "சளி புடிச்சிக்கப் போவுது, நல்லா காயட்டும்"ங்கறாங்க. அப்பதான் இவரு சிரிச்சாரு, மத்தியானத்துலேருந்து மொத தடவையா.

மாட்டி முடிக்கவும் அண்ணி வந்து சாமான் பையைப் புடுங்கிகிட்டுப் போகவும் சரியா இருந்துச்சு. ஓட்டிப் பாக்கலாம்னாரு இவரு. அத்தை விடல. "ராத்திரி முழுக்க காயட்டும், காலையில பாத்துக்கலாம்." நாங்க தூங்கினோமா இல்லியான்னு கேக்காதே.

விடியக்காலம் புதுசா ஒரு எலுமிச்சம்பழம் வெச்சேன். இவரு பழைய சட்டையில, பின்னாடி ரொட்டிக் கூடையைக் கட்டிகிட்டு, மிதிச்சாரு. கிளம்புச்சு. மெதுவா முறுக்கினாரு. எனக்கு வண்டியைப் பாக்கத் தைரியம் இல்ல, பழத்தையே பாத்துகிட்டிருந்தேன். ஒரு நிமிஷம் ஒண்ணும் நடக்கல. அப்புறம் சக்கரம் மெள்ள ஏறுச்சு. பச்சக்! சாறு என் கால்ல தெறிச்சுது பாரு, ஐயோ, தீர்த்தம் பட்ட மாதிரி இருந்துச்சு. நான் நிமுந்து பாக்கறதுக்குள்ள தெருமுனையில திரும்பிட்டாரு. போன வழியெல்லாம் சாம்பிராணி வாசனை.

மேடு ஏறுச்சான்னு தெரியணுமே, வாசலுக்கும் அடுப்புக்குமா நடந்தேன். வெயில் ஏறினப்புறம் வந்தாரு. கூடை காலி. உள்ள எனக்குன்னு ஒரு ரொட்டி மட்டும் வெச்சிருந்தாரு. "குவார்ட்டர்ஸ் அம்மா ஒருத்தங்க, ரொட்டியில கோயில் வாசனை வருதே, எந்தக் கடைன்னு கேட்டாங்க புள்ள"ன்னாரு. மில்லு மறுபடி தொறந்தப்பக்கூட இவரு போகலியே. ரொட்டி லைனையே புடிச்சிகிட்டாரு. ஆனா இன்னிக்கும் கேட்டுப் பாரு, விளக்கெண்ணெய் மேல தப்பே இல்லம்பாரு, அளவுதான் கொஞ்சம் கூடிப் போச்சாம். அந்த எண்ணெய்க் கேனை மட்டும் நான் எங்க ஒளிச்சி வெச்சிருக்கேன்னா…

ஐயையோ, மூக்குல ஒரு சொட்டு விழுந்துச்சே! தூறுதா? மாடி பூரா சீயக்காய் காயப் போட்டிருக்கேன்டி! அந்த முறத்தை எடு, எடு, ஓடியா!