அட்டைப்படத்தில் மாமா

மாலை நாலே முக்கால் மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதவைத் திறந்தபோது, முதலில் கண்டது மாமாவின் முகம். லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டுக் கம்பளத்தில் விரித்திருந்த பெரிய தாளின் நடுவிலிருந்து, கலர் போட்டோகொப்பியில், அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பதின்வயதினருக்கான பொப் இசைச் சஞ்சிகை ஒன்றின் அட்டையை வடிவமைப்பது அக்காவின் பள்ளிக்கூட வேலை. அதற்கு விதிகள் இருந்தன. நடுவில் ஓர் இளம் முகம். கண்கள் வாசகரை நேரே பார்க்க வேண்டும். தலைக்கு மேல் தடித்த எழுத்து. சுற்றிலும் நட்சத்திரம், பூ.

எங்கள் அல்பத்தில் கமராவைப் பார்த்துச் சிரித்த ஒரே ஆள் மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. சண்டைக்குத் தப்பி, களவாய் ஆள் அனுப்பும் ஏஜென்ட் மூலம் ஊரிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டவர், மொஸ்கோவிலிருந்து ஒருமுறை பேசினார். அதன்பின் மாதக்கணக்காக அழைப்பு இல்லை.

"மாமாவோ பொப் ஸ்டார்? அவர் தேவாரத்தையே பிழையாத்தானே பாடுவார்," என்றேன்.

"வாயைப் பொத்திக்கொண்டு கத்தரிக்கோலை எடடி. ஆள் வடிவாய் இருந்தாக் காணும்," என்றாள் அக்கா.

ரசிகைகள் முதலில் அறிய விரும்புவது பிறந்த திகதியாம். அதை முகத்துக்கு இடப்பக்கம் எழுதினாள். வலப்பக்கம் இதழ் வெளிவரும் திகதியைப் போட்டாள். ஓரமெல்லாம் நான் பூ ஒட்டினேன்.

ஷிப்ட் முடிந்து வந்த அம்மா கோட்டைக் கழற்றாமலே தாளருகே நின்றார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, இலக்கங்கள் தெரியும். இடப்பக்கத் திகதியைப் பார்த்தார். பிறகு வலப்பக்கத்தை.

"ஆர் கொண்டு வந்து தந்தது?" என்று அக்காவிடம் கேட்டார். பிறகு, குரலை உயர்த்தாமல், "எங்கை வைச்சு நடந்தது?"

பள்ளிக்கூட வேலை என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா தரையில் உட்கார்ந்து தாளை மடியில் எடுத்துக்கொண்டார். சஞ்சிகை அட்டைகூடத் தெரியாத அம்மா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்டன் பார்க் கடைத்தெருவில் தமிழ்க் கடைகளின் கண்ணாடிகளில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்கள் ஒட்டியிருக்கும். நடுவில் இளம் முகம், இரு பக்கமும் திகதி, ஓரத்தில் பூ. அம்மா ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். கடை திறந்திருக்கிறதா என்று பார்க்கிறார் என நான் நினைத்திருந்தேன்.

அப்பா வந்து விளக்கிய பிறகே அம்மா தாளை விட்டார். அக்கா முகத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மைக் வரைந்து கொடுத்தாள். அட்டையில் முகம் இல்லை என்று டீச்சர் புள்ளியைக் குறைத்தார்.

மாமாவிடமிருந்து பிறகும் அழைப்பு வரவில்லை. அவருக்கு நாங்கள் இன்றுவரை நோட்டீஸ் அடிக்கவில்லை.