இரண்டு ஸ்டார் வீடு

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினில் ஃபில்டர் மாற்றுவது பதினைந்து நிமிட வேலை. மாற்றிவிட்டு அந்த வீட்டை விட்டு வெளியே வருவதுதான் பெரிய வேலை. வீடு வீடாகப் போய்ப் பிழைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டூல்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "சரி, வரேன்" என்று நான்கு தடவை சொன்னவர்கள்தானே நாம் எல்லோரும்?

மீன் குழம்பு

கிள்ளானில் ஒரு டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு இருக்கும். ஒருநாள் எனக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி. சாப்பிட்டாயிற்று என்று பொய் சொன்னேன். மீன் குழம்பு வாசனையில் என் வயிறு அதை மறுத்துச் சத்தம் போட்டது.

டீச்சர் வற்புறுத்தவில்லை. ஒரு தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அப்புறம் நாற்காலியைக் காட்டிச் சொன்னார்: "நீங்க சாப்பிட வேணாம்மா. நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் உக்காருங்க, அது போதும்."

லீடர் சொன்னது

உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம். நான் அடுத்துப் போகவேண்டிய வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்த, எங்கள் டீம் லீடர் செல்வி என்னைப் பிடித்துக்கொண்டாள். செல்வி கெட்டவள் இல்லை. அவளும் ஒரு காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கியவள்தான். யார் வீட்டில் எவ்வளவு நேரம் மாட்டிக்கொள்வோம் என்று அவளுக்கும் தெரியும். "நம்ம சர்வீஸ் மெஷினுக்குத்தான், ஆளுக்கு இல்லலா. முடிச்சோமா, கெளம்புனோமான்னு இரு."

குறை

அடுத்து ஸ்டார் பிரச்சினை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றின் பன்னிரண்டாவது மாடியில் ராஜு அங்கிள். ரயில்வேயில் இருந்தவர், மனைவி இல்லை. நான் போகிற நாளில் இஸ்திரி போட்ட சட்டையோடு, மைலோ கலக்கி வைத்துக் காத்திருப்பார். மெஷின் பதிவாகியிருப்பது சிட்னியில் இருக்கும் மகன் பேரில். வேலை முடிந்து நான் ஆப்பில் தட்டியதும், சர்வீஸ் எப்படி, எத்தனை ஸ்டார் என்று கேட்டு மகனுக்கு மெசேஜ் போகும். மகன் அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு ஸ்டார் போடுவார்.

தொடர்ந்து மூன்று தடவை இரண்டே ஸ்டார். தரை ஈரம், டேங்கைச் சரியாகக் கழுவவில்லை, பேச்சு அதிகம். பேசியதெல்லாம் அங்கிள்! இன்னொரு தடவை இப்படி வந்தால் என்னைத் தூரத்தில் இருக்கும் ரவாங்குக்கு மாற்றிவிடுவதாகச் செல்வி மிரட்டினாள். எனக்கு ஆத்திரம். மைலோவும் கொடுத்து முதுகில் குத்துகிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த முறை நேராகவே கேட்டேன்.

அங்கிள் மேசைத் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நல்லா செஞ்சாங்கன்னு சொன்னா, சரிப்பான்னு உடனே வச்சிருவான்மா. குறை சொன்னாத்தான் பத்து நிமிஷம் பேசறான்."

பத்து நிமிடம்

திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால், இந்தத் தடவை டேங்கில் நாற்றம் அடிக்கிறது என்று சொல்லுங்கள் என்றுதான் வந்தது. ஆப்பில் தட்டிவிட்டு, கதவுக்கு வெளியே மெதுவாகச் செருப்பை மாட்டினேன். போன் மணி அடித்தது. அங்கிள் என் குறைகளை உற்சாகமாக அடுக்கினார். பிறகு பேரப்பிள்ளைகளைக் கேட்டார். அங்கே குளிரா என்று கேட்டார். நான் இன்னொரு இரண்டு ஸ்டாரோடு லிஃப்டில் இறங்கினேன்.

பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் தேட வேறு யாரும் முன்வராததால் ரவாங்கிலிருந்து தப்பித்தேன். அன்று சாயங்காலம் செமினியில் இருக்கும் என் மகளுக்குப் போன் செய்தேன். "மீட்டிங்மா. ஏதாச்சும் பிரச்சினையா? இல்லன்னா அப்புறம் கூப்பிடறேன்."

பெயர் மாற்றம்

குறை கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சிட்னி மகன் ஒரு வழி கண்டுபிடித்தார். மெஷினை அப்பா பேருக்கும் அப்பா நம்பருக்கும் மாற்றும்படி ஆபீசுக்கு எழுதிவிட்டார். அதற்கான படிவம் என் கைக்குத்தான் வந்தது. அங்கிள் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுத்தமாக இருந்த டேங்கையே மறுபடி கழுவினேன்.

ஆப்பில் தட்டியதும் மேசை மேலிருந்த போன் சத்தம் போட்டது. பழக்கத்தில் அங்கிள் பாய்ந்து எடுத்தார். மகன் இல்லை, மெசேஜ். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக ஏதோ அமுக்கினார். "அஞ்சு ஸ்டாரும் போட்டுட்டேன்மா. இனிமே உங்கள பத்தி யாருகிட்ட குறை சொல்றது?"

இத்தனையும் பார்த்த நான் போன வாரம் என் வீட்டு மெஷினை மகள் பேருக்கு மாற்றிவிட்டேன். அதற்குச் சர்வீஸ் செய்யப்போவதும் நான்தான் என்பதால், என்னைப் பற்றி என்ன குறை சொல்லலாம் என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.