ஓசி பஸ்ஸில் ஸ்பானிஷ்

பாலக்கரையில் பீரோ பட்டறை, அதற்கு மேல்மாடியில் எங்கள் வீடு. அப்பா சவரிராயன் தகரத்தை வளைப்பார், நான் அடிப்பேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, சுத்தியல் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் சர்ச் மணியே கேட்காது. அக்காவுக்கு ஸ்பானிஷ் எங்கே கேட்கும்?

அக்கா டெல்பின், பி.காம். ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்கிற வேலைக்கு ஒருமுறை இன்டர்வியூ கொடுத்துத் தோற்றாள். நேற்று செய்ததையும் இப்போது செய்வதுபோலவே சொன்னாளாம். அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். "இந்தத் தடவையும் இல்லேன்னா ஜவுளிக்கடைதான், சொல்லி வச்சிட்டேன்" என்றார் அப்பா.

மறுநாளிலிருந்து அக்கா படிப்பதற்கென்றே ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸில் ஏறினாள். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஜன்னலோரம் உட்கார்ந்து போவாள், அதே பஸ்ஸில் திரும்புவாள். 'செய்' என்பதற்கு ஸ்பானிஷில் 'அசேர்'. செய்தேன் என்றால் 'இசே'. செய்திருக்கிறேன் என்றால் 'ஏ எச்சோ'. காவிரிப் பாலம் தாண்டும்வரை இதே முணுமுணுப்பு. பக்கத்து சீட் மாமி ஏதோ ஜபம் என்று நினைத்துக் காலை ஒதுக்கிக்கொண்டாராம்.

கண்டக்டருக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஸ்ரீரங்கத்துல என்னம்மா வேலை?"

"திரும்பி வர்ற வேலைதாங்க."

"ஓசின்னா ஊர் சுத்துறதா?"

"இத்தனை தடவைதான் ஏறணும்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க. எறங்கிடறேன்."

இன்டர்வியூ அன்றும் பஸ்தான். துணைக்கு நான். போனில்தான் கேள்வி கேட்பார்கள். பாலத்தின்மேல் அந்த போன் வந்தது. அக்கா பேச ஆரம்பித்ததும் கண்டக்டர், "ஸ்ரீரங்கம் வந்ததும் எறங்கிடு, திரும்ப ஏத்த மாட்டேன்" என்று சத்தம் போட்டுக்கொண்டே முன்னால் வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"அண்ணே, டிக்கெட்டைக் காணோம்."

குனிந்து எல்லார் காலடியிலும் தேடினேன். டிக்கெட் என் கன்னத்துக்குள் பத்திரமாக இருந்தது.

என்ன சத்தம் என்று போனில் கேட்டிருக்கிறார்கள். அக்கா மறைக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து மளமளவென்று பேசினாள். எனக்கு 'இசே', 'எச்சோ' மட்டும்தான் பிடிபட்டது. அப்புறம் கேட்டேன்.

"பயிற்சியெல்லாம் இந்த பஸ்லதான் செஞ்சிருக்கேன், எறங்கச் சொல்றாரு, எறங்க மாட்டேன்னு சொன்னேன்டா."

வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே பேச வேண்டும்.

"இந்தச் சத்தத்துலயா?" என்றார் அப்பா.

"நான் பேசுறப்ப சத்தம் இருக்காதுப்பா."

அக்கா மாடிக்குப் போன கொஞ்ச நேரத்தில் அப்பா சுத்தியலைக் காணோம் என்று தேடினார். நானும் குனிந்து, கூடவே தேடினேன்.