வரப்பில் நின்ற கம்பெனிக் கல்

காசியம்மாள் கடத்தூர்ப் பக்கத்துப் பெண். பச்சியப்பன் மகள், நாலு அண்ணன்களுக்குப் பின்னால் பிறந்த கடைக்குட்டி. அந்த வம்சமே வாயடங்காத வம்சம். பச்சியப்பனின் அக்கா ஒருத்தி, அளவில் ஏமாற்றிய ரேஷன் கடைக்காரனைத் தராசோடு தெருவுக்கு இழுத்து வந்தவள். அந்த ரத்தம்தான் காசிக்குள்ளும் ஓடியது.

இண்டூரைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊரில் மாதப்பனுக்கு வாக்கப்பட்டு வந்த புதிதிலேயே அது தெரிந்துவிட்டது. பாலக்கோடு தக்காளி மண்டியில் தரகர் ஒருவர் கூடைக்குக் கூடை கழிவு என்று கைநிறைய அள்ளி ஒதுக்கிக்கொண்டிருந்தார். மாதப்பன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். காசி மிச்சக் கூடையைத் தூக்கி அந்த ஆளின் காலடியிலேயே கவிழ்த்தாள்.

"இதுவும் கழிவுதான், பொறுக்கிக்கோ!"

மண்டியே சிரித்தது. மாதப்பன் கவிழ்ந்த கூடையை நிமிர்த்தி மற்றக் கூடைகளோடு அடுக்கினான். அவன் அப்படி ஒரு சாது. எது எங்கே இருக்கணுமோ அங்கே இருக்கணும் என்பான். மண்வெட்டி மூலையில், கயிறு ஆணியில், செருப்பு வாசலுக்கு இடப்பக்கம். மாறியிருந்தால் திட்டமாட்டான், எடுத்து அந்தந்த இடத்தில் வைத்துவிட்டுப் போவான்.

அவர்கள் தக்காளி வைக்கிற கொல்லையில் தெற்கு வரப்பு ஓரமாகப் பெரியவங்க மேடு இருந்தது. மாதப்பனின் தாத்தா, ஆயா, அப்பா எல்லாரும் அங்கேதான் படுத்திருந்தார்கள். செத்தவர்களைச் சொந்தக் கொல்லையில் புதைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மாதப்பனின் அம்மா குள்ளம்மாள் அமாவாசைக்கு அமாவாசை அங்கே விளக்கு வைப்பாள். வைத்துவிட்டுப் புருஷனின் மேட்டுக்குப் பக்கத்து இடத்தைக் காலால் தட்டிக் காட்டுவாள்.

"காசி, இது என் எடம். எவனாச்சும் மாட்டைக் கட்டுனா காலை ஒடிச்சுடு."

"மாட்டுக் காலையா, ஆளுக் காலையா அத்தை?"

"ஆளுக் காலைத்தான்டி."

அந்தக் கொல்லை வழியாகத்தான் கம்பெனிக்காரர்கள் கேஸ் குழாய் கொண்டுபோனார்கள். அகலமாக ஒரு பட்டை மண்ணைக் கீறிப் போட்டுக் கயிறு கட்டினார்கள். ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. மூடிச் சமன்செய்துவிட்டுப் போனபோது பட்டை எது, கொல்லை எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே மண்ணாகக் கிடந்தது. குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு கல் மட்டும் நின்றது. மேலே பயிர் வைத்துக்கொள்ளலாம், குழாய்க்கு இரண்டு பக்கமும் பட்டைக்குள் குழி மட்டும் தோண்டக் கூடாது என்றார்கள்.

அதெல்லாம் நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஒரு மாசி மாதம் தக்காளிக்குத் தண்ணீர் கட்டப் போன மாதப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

பெரியவங்க மேட்டில் குழி பாதி தோண்டியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குழாய் லைன் பார்க்க வந்த கம்பெனி ஆள் ரோட்டிலிருந்து பார்த்துவிட்டுப் போன் போட்டான். ஜீப் வந்தது, போலீஸும் கூட வந்தது. கம்பெனி சூப்பர்வைசர் மாதவராஜ் கையில் ஒரு தடிப் புத்தகத்தோடு இறங்கினார்.

"யாரும் தப்பா நெனைக்காதீங்க. இது பாதுகாப்பு விதி. கல்லு எங்க நிக்குதுன்னு பாருங்க, வரப்பு மேலேயே நிக்குது. குழாய் இதுக்கு அடியில போவுது. நீங்க பக்கத்துலயே ஆறடி தோண்டறீங்க. ஊரே எரிஞ்சு போவும்."

கல் பெரியவங்க மேட்டுக்குப் பக்கத்தில், வரப்பின்மேல்தான் நின்றது. வாயுள்ள காசியும் அன்றைக்கு வாயடைத்துப்போனாள். புருஷனின் முகத்தைப் பார்த்தபடி இருந்தவள் கல்லைப் பார்க்கவே இல்லை. மாதப்பனை ஏரிக்கரை இடுகாட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். எதையும் அதனதன் இடத்தில் வைத்த மனுஷனை யார்யாரோ கிடக்கிற இடத்தில் போட்டுவிட்டு வந்தார்கள்.

அந்த வருஷம் பார்த்துக் கோடையிலேயே மழை கொட்டியது. ஏரி நிரம்பித் தண்ணீர் ஏறி இடுகாட்டு மேடெல்லாம் முழுகியது. குள்ளம்மாள் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்து படுத்தவள்தான். சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னாள்.

"என் புள்ளையைத் தண்ணியில போட்டுட்டாங்க. என்னையும் அங்க போட்டுடாத காசி. எம் புருஷன் பக்கத்துல வை. வெக்கிறேன்னு சொல்லு."

"வெக்கிறேன் அத்தை. எவன் வந்தாலும் வெக்கிறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி வைப்பது? மனு நாளில் கலெக்டர் ஆபீஸுக்குப் போனாள், கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கம்பெனி கேட்டுக்குப் போனாள், விதி என்றார்கள். எந்த விதி, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது என்றார்கள்.

இதற்கிடையில் கொழுந்தன் வீரமணி பெங்களூரு வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான். அண்ணன் இல்லாத கொல்லையைப் பார்க்க ஆள் வேண்டுமே. போர் போடலாம் என்று நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தான். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்த அந்த மனுஷன் கொல்லை நடுவில் நின்றார். தேங்காய் எழுந்து நின்றது. வீரமணி அந்த இடத்தில் ஒரு முளைக்குச்சி அடித்து மஞ்சள் துணி கட்டினான்.

"கம்பெனிக் கல்லுக்கு நல்லா எட்டித்தான் இருக்குது அண்ணி. பயமில்ல."

ஆடி கழிந்து, ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு கூட்டம் என்று தண்டோரா போட்டார்கள். குழாய்க் கம்பெனிகளை மேற்பார்வை பார்க்கிற வாரியத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறதாம். கம்பெனி எல்லாருக்கும் தொப்பி கொடுத்தது. லட்டும் தண்ணீர் பாட்டிலும் வந்தன. வாரியத்திலிருந்து வந்தவர் நிர்மலா என்கிற அதிகாரி, சென்னைக்காரர். மாதவராஜ் அவர் முன்னால் தடிப் புத்தகத்தைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். எல்லா இடத்திலும் டிக் இருந்தது. நிர்மலாவும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

காசி தொப்பியைக் கழற்றி நாற்காலிமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"மேடம், என்ன பாக்கறீங்க?"

"பாதுகாப்பு நடைமுறை எல்லாம் எழுத்துல சரியா இருக்கான்னு பாக்கறோம்மா."

"எழுத்துல சரியா இருக்குதுங்களா?"

"இருக்கு."

"எழுத்து சரியா இருக்குது. எம் புருஷன் ஏரித்தண்ணியில கெடக்கறாரு. அது எந்தப் பக்கத்துல இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க."

லட்டு தின்றவர்கள் வாயை நிறுத்தினார்கள். மாதவராஜ், "அம்மா, அது தனி விஷயம், அப்புறம் பேசலாம்" என்றார்.

"நீ சும்மா இருய்யா. அன்னைக்கு நீ பேசுன, இன்னைக்கு நான் பேசறேன்."

நிர்மலா உட்காரச் சொல்லி முழுவதையும் கேட்டார். பிறகு புத்தகத்தில் ஓர் இடத்தைத் தேடி எடுத்து, தமிழில் நிதானமாகச் சொன்னார். பட்டைக்குப் பக்கத்தில் யார் குழி தோண்டினாலும் கம்பெனி ஆள் கருவியோடு வர வேண்டும். குழாய் எங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துப் பார்த்துத் தரையில் கோடு போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கூடுமா கூடாதா என்று சொல்ல வேண்டும். அதுபோக, அடையாளக் கல் குழாய்க்கு நேராக நிற்கிறதா என்று வருஷா வருஷம் சரிபார்க்க வேண்டும்.

"அன்னைக்குக் கருவி கொண்டு போனீங்களா?" என்று மாதவராஜிடம் கேட்டார்.

"அவசரத்துல... கல்லு இருந்துச்சுங்க மேடம். வருஷச் சோதனைக்கெல்லாம் டிக் இருக்குதுங்க."

"டிக்கை நான் கேக்கல."

காசிக்கு அப்போதுதான் சுருக்கென்று உறைத்தது. அத்தனை நாள் அந்தப் புத்தகம் வேண்டாம் என்று சொல்கிறது என்றே நினைத்திருந்தாள். வந்து பார் என்று சொல்கிற புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வந்து பார்க்காமலே ஒரு பிணத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்!

"தூ" என்றாள். நிர்மலா அடுத்தமுறை இந்த வீட்டிலிருந்து கூப்பிட்டால் அன்றைக்கே கருவியோடு போக வேண்டும் என்று உத்தரவு எழுதினார். தன் போன் நம்பரையும் கொடுத்தார். காசி நன்றி சொல்லவில்லை.

"எழுதறீங்க மேடம். இதுக்கு முன்னாடியும் யாரோ எழுதித்தான் வெச்சிருக்காங்க."

ஐப்பசியில் குள்ளம்மாள் போய்ச் சேர்ந்தாள். விடிந்ததும் வீரமணி கம்பெனிக்குப் போன் போட்டான். கருவி ஓசூரில் இருக்கிறது, நாளைக்கு வரும் என்றார்கள். காசி போனைப் பிடுங்கினாள்.

"நாளைக்கு வருதா? அப்ப எங்க அத்தையும் நாளைக்கு வருவாங்க. ஆனா உங்க கேட்டுக்கு வருவாங்க. பாடையோட கொண்டாந்து நடுவுல எறக்கி வெச்சுட்டு ஒக்காந்துக்குவேன். உள்ள போற வண்டி, வெளிய வர்ற வண்டி எல்லாம் அவங்களைத் தாண்டித்தான் போவணும். அந்த மேடத்துக்கும் போன் போடறேன், போடட்டுமா?"

மதியம் சாய்வதற்குள் கருவி வந்துவிட்டது. மாதவராஜும், கருவி பிடிக்கிற ஆள் ஒருவரும் வந்தார்கள். பாடையை வரப்பில் இறக்கி வைத்திருந்தார்கள். ஊர் சுற்றி நின்றது.

கருவியைப் பிடித்தவர் மஞ்சள் கல்லுக்கு நேராக நடந்தார். சத்தம் இல்லை. பெரியவங்க மேட்டைச் சுற்றி வந்தார். அங்கேயும் இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு கொல்லைக்குள் இறங்கினார். தக்காளிச் சால்களைத் தாண்டித் தாண்டிப் போனார். கொல்லை நடுவில் கருவி வீலென்று கத்தியது. இப்படிப் போய்ப் பார்த்தார், அப்படிப் போய்ப் பார்த்தார். திரும்பத் திரும்ப அதே இடத்தில்தான் கத்தியது.

அவர் காலடியில் மஞ்சள் துணி கட்டிய முளைக்குச்சி நின்றது.

வீரமணி தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். "வர்ற வாரம் போர் வண்டிக்குச் சொல்லி வெச்சிருக்கேன் அண்ணி..."

"கல்லை யாரு நகத்துனது?" என்று மாதவராஜ் கத்தினார். "இது குத்தம் தெரியுமா? யாரு கல்லைப் புடுங்கி வரப்புல நட்டது?"

காசிக்கு அந்தக் காட்சி கண்முன்னால் வந்து நின்றது. குழாய் புதைத்து அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, டிராக்டர் உழும்போது இடித்துக் கல் சாய்ந்துவிட்டது. மாதப்பன் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். கல்லு எதுக்கு நடுக்கொல்லையில, கல்லுக்கு எடம் வரப்புதானே என்றான். வரப்பில் குழி எடுத்து நட்டான். கல் சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். அவன் மண்ணைப் போட்டு மிதித்தான். நேராக நிற்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துச் சிரித்தான். சர்வே கல் மாதிரி அதுவும் ஒரு சர்க்கார் கல் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். குழாய்க்கு நேர் மேலே அது நிற்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

தன் குழிக்குத் தடையாகத் தானே ஒரு கல்லை நட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவள் பிடித்துக் கொடுத்திருக்கிறாள்.

காசி கை இரண்டையும் முந்தானையில் துடைத்தாள், திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு மாதவராஜின் முன்னால் போய் நின்றாள்.

"நாங்கதான் நட்டோம். எம் புருஷன் நட்டாரு, நான் புடிச்சேன். அவரு குடியானவன், கல்லுன்னா வரப்புன்னு நட்டாரு. நீ எதுக்குய்யா இருக்கற? வருஷா வருஷம் மிஷினோட வந்து பாத்தோம்னு டிக் அடிச்சியே, ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் நெசமா வந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே! எங்களை நாலு திட்டு திட்டிட்டுக் கல்லை எடுத்து நட்டுட்டுப் போயிருப்பியே! எம் புருஷன் அவங்கப்பன் பக்கத்துல கெடப்பாரே!"

கருவி பிடித்தவர் வேறு பக்கம் பார்த்தார். மாதவராஜ் குரலைத் தாழ்த்தினார்.

"சரிம்மா. இங்க தோண்டலாம், ஒரு தடையும் இல்ல. மொதல்ல அம்மாவை நல்லபடியா அடக்கம் பண்ணுங்க. கல்லை நாளைக்கு ஆள் விட்டு மாத்திடறோம்."

"நாளைக்கா?"

காசி பாடையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"கல்லு அதோட எடத்துல நின்னாத்தான் எங்க அத்தை குழியில எறங்குவாங்க. நாளைக்குன்னு நீ போயிடுவ, அங்க ஒரு டிக் இருக்கும். போர் வண்டி வந்து இந்தக் கல்லைப் பாத்துட்டு நடுவுல ஓட்டை போடும். ஊர் எரியும்னு அன்னைக்கு நீதானே சொன்ன?"

பெரியவர்கள் சிலர், பொழுது சாயுது, பொணத்தை வெச்சுக்கிட்டு வம்பு வேணாம் என்றார்கள். குள்ளம்மாளின் தம்பி முறை ஒருத்தர் மட்டும், "கெடக்கட்டும்ப்பா, அக்காவுக்கு என்ன பஸ்ஸுக்கா நேரமாவுது" என்றார். ஒருத்தரும் நகரவில்லை.

யாரோ ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து மாதவராஜின் முன்னால் போட்டார்கள். அவர் கருவிக்காரரைப் பார்த்தார். அந்த ஆளோ குழாய்க்கு மேலே கோடு போடுவதில் மும்முரமாக இருந்தார். மாதவராஜ் ஷூவைக் கழற்றினார். மாதப்பன் மிதித்த மண் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் கல் அசைந்தது. தூக்க முடியாமல் உருட்டிக்கொண்டு போனார். வீரமணி தன் முளைக்குச்சியைப் பிடுங்கி எறிந்தான். கோட்டின்மேல், ஆழம் போகாமல் கையால் மண்ணைத் தோண்டிக் கல்லை நட்டார்கள். காசி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாள்.

"சாஞ்சிருக்குது. நேரா நிறுத்து."

நேராக நிறுத்தினார்.

பிறகு குழி வெட்டினார்கள். குள்ளம்மாளை அவள் புருஷன் பக்கத்தில், அவள் காலால் தட்டிக் காட்டிய அதே இடத்தில் இறக்கினார்கள். அதற்கு அந்தப் பக்கத்தில் இன்னும் ஓர் ஆள் படுக்கிற இடம் புல் மண்டிக் கிடந்தது. அன்றைக்கு மாதப்பனுக்காகப் பாதி தோண்டி மூடிய மண் அது, கொஞ்சம் அமுங்கியிருந்தது.

காசி பிடி மண்ணைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது மாதவராஜ் சேற்றுக் காலோடு ஒரு தாளை நீட்டினார்.

"வந்து பாத்தோம், கல்லை மாத்தினோம்னு ஒரு கையெழுத்து போட்டுடுங்கம்மா. வாரியத்துக்கு அனுப்பணும்."

காசி தாளைக் கையில் வாங்கவில்லை.

"ஏரிக்கரைக்குப் போ. எம் புருஷனை எடுத்துக்கிட்டு வந்து அந்தப் புல்லு மொளைச்சிருக்குதே, அங்க வை. வெச்சுட்டு வா, போடறேன்."

மாதவராஜ் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். காசி மண்வெட்டியை வாங்கி, மாமியார் குழியில் மண்ணைத் தள்ள ஆரம்பித்தாள்.