அப்பா கேட்ட இரண்டு வரிசைக் கல்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மாசி மாதம். கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். சிமென்ட் வீடு இல்லை. கருங்கல் அஸ்திவாரம், அதன்மேல் மண்சுவர், மேலே நாட்டு ஓடு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். கள்ளக்குறிச்சியில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, இயற்கை முறையில் வீடு கட்டுகிறவர்களிடம் இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தேன். கோடையில் குளிர்ச்சியாக இருக்கும், பூமிக்கும் கெடுதல் இல்லை என்று பேசிப் பேசியே வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டதாக நினைத்திருந்தேன்.

அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பார். மணல் எவ்வளவு, களிமண் எவ்வளவு என்று பார்க்க, மனை மண்ணைக் கண்ணாடி பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். "இன்னாடா கலெக்டரு, மண்ணுல மோரு கடையறியா?" என்றார். ஆனால் பக்கத்து மனைக்காரர், "படிச்ச புள்ள போயி மண்ணு வூடு கட்டுதே" என்று இழுத்தபோது, "அவன் செவுத்துக்குள்ளயே ஏசி வெச்சிக் கட்றாம்பா, கரன்ட் பில்லே வராது" என்று அவர் வாயை அடைத்ததும் அப்பாதான்.

அஸ்திவாரக் கல் தரைக்கு மேலே ஒன்றரை அடி எழும்பிய அன்று அப்பா வந்து நின்றார். கல்லின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். கிண்டல் எதுவும் வரவில்லை.

"இன்னும் ரெண்டு வரிசை கல்லு ஏத்திடுடா."

"பிளான்ல இவ்ளோதாம்பா. கல்லும் தீந்துபோச்சு. நாளைக்கு மண்ணு கொழைக்கணும்."

"இல்லடா, மழ வந்தா..."

"நான் படிச்சிட்டுதாம்பா வந்திருக்கேன். உனக்கு இதெல்லாம் தெரியாது, வுடு."

கொத்தனாரும் சித்தாள்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா சிரித்த மாதிரி ஏதோ செய்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

குழைத்த மண் ஒரு வாரம் புளிக்க வேண்டும். அந்த வாரத்தில் மனையின் பின்பக்கம் கற்கள் சேர்ந்துகொண்டே வந்தன. ஏர் ஓட்டும்போது கொல்லையிலிருந்து பொறுக்கி வரப்போரம் போடுவார்களே, அந்தக் கல். காலையில் பார்த்தால் நாலைந்து கூடியிருக்கும். யாரோ வேண்டாததைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்தேன். உள்தரை நிரப்பக் கல்சல்லி தேவைப்பட்டது. அதையே உடைத்துப் போடச் சொன்னேன்.

"நல்ல முகம் வெச்ச கல்லா கீதே தம்பி, ஒடைக்கணுமா?" என்றார் கொத்தனார்.

"ஒடைங்கண்ணே."

அவர் சம்மட்டியைத் தூக்கிய நேரம் அம்மா ஓடிவந்தாள். "ஐயோ வுடுங்க! அவரு தலையில தூக்கியாந்த கல்லுங்க அது!"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. நான் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது எங்களுடையது மண்வீடு. அடியில் கல் கிடையாது. நான்கு நாள் அடைமழையில் மலைத்தண்ணீர் வந்து முட்டி, சுவரின் அடி ஊறி, வயிறு தள்ளியிருக்கிறது. அப்பா எங்களை வேறொரு வீட்டில் விட்டுவிட்டு, இருந்த விறகையெல்லாம் முட்டுக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் சுவர் விழுந்தது, என் தூளி தொங்கிய இடத்திலேயே.

"சிமென்ட் சீட்டு போட்ட வூட்டுக்கு வந்தப்பறமும் மழன்னா உங்கப்பாரு படுக்க மாட்டாரு. செவுத்தயே பாத்துக்கினு ஒக்காந்திருப்பாரு. நீ மண்ணு வூடுன்னதும் அவருக்கு எப்டி இருந்திருக்கும்? புள்ள ஆசப்படுறான், எதையும் சொல்லி வெக்காதன்னுட்டாரு."

மழை நேரத்தில் அப்பா உட்கார்ந்து பீடி பிடிப்பதை நானும் பார்த்திருக்கிறேன். குளிருக்கு என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் அப்பா தலையில் ஒரு கல்லோடு வந்தார். கரும்பு வெட்டிவிட்டு வருகிற வழியில் எடுத்தது. நான் போய் இறக்கினேன்.

"இன்னும் எத்தினி வேணும்ப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

"என்னக் கேட்டா? நீதான இஞ்சினியரு."

மறுநாளிலிருந்து இருவரும் சேர்ந்து போனோம். பத்துப் பன்னிரண்டு நாளில் இரண்டு வரிசையும் ஏறியது. அதன்பிறகுதான் மண்சுவரில் கை வைத்தேன்.

ஆவணியில் குடிபோனோம். ஐப்பசியில் ஒரு மத்தியானம் பெரிய மழை பிடித்தது. மலைத்தண்ணீர் செக்கச்செவேல் என்று வந்து கல்லில் மோதியது. கொஞ்சம் விட்டதும் அப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். கல்லில் சேறு தெறித்த அடையாளம் கோடு கிழித்தது போல் இருந்தது. மண்சுவர் தொடங்க வேண்டும் என்று நான் பிளானில் போட்டிருந்த மட்டத்துக்கு மேலே ஒரு சாண் வரை ஏறியிருந்தது. அதற்கு மேல் கல்லும் காய்ந்திருந்தது, சுவரும் காய்ந்திருந்தது.

அப்பா அந்தக் கோட்டை விரலால் தடவினார். அவருக்கும் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். சொல்லட்டும் என்று காத்து நின்றேன்.

"உன் செவுரு சொட்டு நனையலடா" என்றார்.

மறுபடி மழை வலுத்தது. உள்ளே வந்து பாயை உதறிப் போட்டு, சுவருக்கு முதுகைக் காட்டிப் படுத்தார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

இப்போது மற்றவர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கிறேன். மண்ணைப் பாட்டிலில் போடுவதற்கு முன்னால், அந்த வீட்டில் படுக்கப்போகிறவர்களிடம் உட்கார்ந்து, எதை நினைத்தால் பயம் என்று கேட்கிறேன். அதை நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது அப்பாவிடம்; அவர் என் ஆசை கெடக்கூடாது என்று வாயைத் திறக்காமல் கல் சுமந்தார் என்பது ஒவ்வொரு அஸ்திவாரம் தோண்டும்போதும் நினைவுக்கு வருகிறது.